கொடிக்கயிற்றின் தொய்வு

நான் ஏழாவது படித்த வருடம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு கொடிக்கயிறு இருந்தது. ஒரு முனை தண்ணீர்த்தொட்டிக் குழாயில், மறுமுனை படிக்கட்டு அறைச் சுவரில் அடித்த கொக்கியில். நடுவில் அது தொட்டில் மாதிரி தொங்கும். அம்மா தினமும் காலையில் இரண்டு பெட்ஷீட்டுகளைத் துவைத்து அதில் போடுவாள். ஓரங்கள் தரையில் புரண்டு மண் ஒட்டும், மறுபடி அலசுவாள். விஜயநகரில் எப்போதும் யாராவது வீடு கட்டிக்கொண்டே இருப்பார்கள், தூசுக்குப் பஞ்சமில்லை. தினமும் பெட்ஷீட் துவைப்பதும் அந்தத் தூசால்தான் என்று அம்மா எங்களிடம் சொல்லியிருந்தாள். நானும் நம்பியிருந்தேன்.

அவள் இரண்டு முறை அலசுவதைப் பார்க்கப் பொறுக்காமல், கயிற்றை இழுத்துக் கட்டிவிடலாம் என்றேன். அக்கா அப்போது பியுசி முதல் வருடம், அதாவது பதினொன்றாம் வகுப்பு. எதற்கும் ஒரு படம் போட்டாக வேண்டும் அவளுக்கு. நோட்டில் ஒரு புள்ளி வைத்தாள். கீழ்நோக்கி ஓர் அம்பு, அது எடை. இரண்டு பக்கமும் சாய்ந்து மேலேறும் இரண்டு அம்புகள், அவை கயிற்றின் இழுவிசை. எடையைத் தாங்குவது அந்த இரண்டிலும் மேல்நோக்கி இருக்கிற பங்கு மட்டும்தான். கயிறு படுக்கப் படுக்க அந்தப் பங்கு குறையும், அதை ஈடுகட்டக் கயிறு பல மடங்கு இழுக்க வேண்டும் என்றாள். "நேராக் கட்டினா பிச்சுக்கும்டி. தொங்குனாத்தான் அதுக்குச் சுலபம்." படித்த திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. அம்மா மேலே வருமுன் தொட்டியில் முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டேன். அம்மா வந்து பார்த்தாள். "ஏங் கண்ணு இதத் தொட்டே? பழையபடியே இருக்கட்டும்" என்றாள். நான் கேட்காமல் வாளியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன். ஓரம் தரையைத் தொடவில்லை. ஆனால் இத்தனை நாள் கைப்பிடிச் சுவருக்குக் கீழேயே காய்ந்துகொண்டிருந்தது, இப்போது சுவருக்கு மேலே ஊருக்கே தெரிய நின்றது.

பக்கத்து மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த ஆன்ட்டி நிமிர்ந்தார். தினமும் கல்லில் அடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். "ஏன்ரீ, தினா பெட்ஷீட்டா?" என்றார், தினமுமா என்று கன்னடத்தில்.

அம்மா என் தலையில் கை வைத்தாள். சின்னவள் இன்னும் படுக்கையை நனைக்கிறாள் என்று அவளும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள்.

"நானில்லம்மா" என்றேன். ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. அம்மாவின் கை என் தலையை அழுத்தியது. எள்ளுருண்டை கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஆன்ட்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்தபடி கீழே இறங்கிப் போனார்.

அம்மா இரண்டாவது பெட்ஷீட்டைப் போட்டதும் கொக்கி காரையோடு பெயர்ந்து வந்தது. எல்லாம் தரையில். அம்மா அந்த ஈரத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். வீட்டு ஓனர் திட்டுவார் என்று அழுகிறாள் போல என நினைத்தேன். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று ஆக்கிவிட்டாளே, நன்றாக அழட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் அப்பா சிமெண்ட் குழைத்துக் கொக்கியைப் பதித்தார். அது காய்ந்ததும் கயிற்றை முன்போலவே தொய்வாகக் கட்டினார். கட்டி முடிப்பதற்குள் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் இழுங்கப்பா என்றேன். "போதும் சாமி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

படுக்கையை நனைத்தது அப்பா. அவருக்கு வந்த நோய் அப்படி. பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டாராம். அடுத்த உகாதிக்கு அவர் இல்லை. அதற்குப் பிறகுதான் அம்மா எங்களிடம் சொன்னாள்.

அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. ஆன்ட்டி மறுநாளே ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டை கொண்டுவந்து கொடுத்தார். நான் தொடமாட்டேன் என்று தள்ளிவிட்டேன். அப்பா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தினம் ஒன்றாக, சாப்பாட்டுக்குப் பிறகு, ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தார். என் மானத்தை வாங்கிய பலகாரத்தை இவ்வளவு ஆசையாகத் தின்கிறாரே என்று அவர்மேலும் எனக்குக் கோபம்.