தலை ஆடாத பக்கம்

எங்கள் செய்தித் தளத்துக்குப் புது முகம் போட்ட வாரம், வாசகர்கள் எங்களைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவர்களுடைய கடிதங்களைப் படித்துப் பதில் எழுதுவதுதான் என் வேலை. காலையில் கணினியைத் திறந்தால் வசவு, மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடியும் வசவு. "பழையதையே குடுத்துடுங்க." "இது பக்கமா, மைதானமா?" "செய்தி படிக்க வந்தா மெத்தை மேல விழுறேன்." பாராட்டி வந்தது ஒன்றே ஒன்று. அதை எழுதியது எங்கள் வடிவமைப்பாளரின் மாமியார்.

குறை இரண்டுதான். முன்பு நடுவில் ஒடுக்கமாக ஓடிய எழுத்து, இப்போது திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீண்டது. ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரிக்குத் திரும்புவதற்குள் கண்ணுக்கு வழி தவறிவிடும். இன்னொன்று மெத்தை. மெத்தைக் கடை விளம்பரம் ஒன்று, படித்துக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து 'டொய்ங்' என்று துள்ளி வந்து பாதித் திரையை மூடும். அந்தக் கடைக்காரரின் காசில்தான் புது முகமும் வந்தது, எங்கள் சம்பளமும் வந்தது. அதனால் மெத்தையைப் பற்றி அலுவலகத்தில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அந்த வாரம் அது மூக்கைத் தாண்டிக் கிடந்த நேரத்தில்தான் இப்படி ஒரு கடிதம் வந்தது: "பக்கத்தோட அகலத்தைக் குறைங்க. இல்லன்னா ஒருத்தர் காது போயிடும்."

"மிரட்டுறான் சார்," என்று ஆசிரியரிடம் காட்டினேன்.

"யாரோட காதுன்னு சொல்லலையேம்மா," என்று அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் இன்னொன்று வந்தது. "இன்னைக்கும் ஒரு காது. சின்னக் கீறல்தான். மெத்தை குதிச்சதால." கீழே தைரியமாகக் கடை விலாசமும் இருந்தது. நேரிலேயே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவது என்று கிளம்பினேன்.

அது முடிதிருத்தும் கடை. மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. ஒரு சுழல் நாற்காலி இருந்தது. இன்னொன்று இருந்த இடத்தில் தரையில் திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. எதிரே கண்ணாடியில் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு டிவி, அதில் எங்கள் தளம். நாற்காலியில் இருந்தவருக்குக் கழுத்துக்குக் கீழே முழுக்கத் துணி, கை இரண்டும் உள்ளே. கடைக்காரர் சட்டைப் பையிலிருந்த ரிமோட்டை அவ்வப்போது அமுக்கி அவருக்காகப் பக்கத்தை நகர்த்தினார். அவர் படிக்கப் படிக்க, தலை இடமிருந்து வலம் போயிற்று, வலமிருந்து இடம் வந்தது. எதைக் கேட்டாலும் மாட்டேன் மாட்டேன் என்கிறவர் போல இருந்தார். ஒவ்வொரு தடவையும் கத்தரிக்கோல் மேலே போய்க் காத்திருந்து இறங்கியது. அப்போது 'டொய்ங்'. வாடிக்கையாளர் துள்ளினார், கடைக்காரர் கையிலிருந்த சீப்பு என் காலடியில் வந்து விழுந்தது.

கேட்க வந்த நாலு கேள்வியில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. எந்த அலுவலகம் என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார், தலையை ஆட்டினார், சீப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். துண்டு மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவிதான் பேசினாள்.

"அவர் அப்படித்தாங்க. இந்தப் பக்கத்துல எல்லாரும் மௌனம்னுதான் கூப்பிடுவாங்க. எங்க அண்ணனும் இவரும் சேர்ந்துதான் கடை வச்சாங்க. அண்ணன் பேசுவாரு, இவர் வெட்டுவாரு. அப்புறம் ஒரு சண்டை. அண்ணன் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தனிக் கடை போட்டுட்டாரு. நாற்காலி ஒண்ணு போச்சு, வாய் மொத்தமும் போச்சு."

"என்ன சண்டை?"

"ஒருத்தர் கத்துனாரு, ஒருத்தர் பதிலே பேசல. அதான் சண்டை."

முடி வெட்ட வருகிறவர்களுக்கு முடியைவிடப் பேச்சுதான் முக்கியம் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். மௌனத்திடம் அது கிடைக்கவில்லை. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் இந்த டிவியை மாட்டி எங்கள் தளத்தைப் போட்டார். நாற்காலியில் இருப்பவர் செய்தியைப் படிப்பார், பெஞ்சில் இருப்பவர் மறுத்துப் பேசுவார், பேச்சு தானாக ஓடும். மௌனம் கேட்டுக்கொண்டே வெட்டுவார். கடை பிழைத்தது.

"வேற எதையாவது போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் கத்துதுங்க. உங்களது ஒண்ணுதான் சும்மா இருந்துச்சு. இப்ப அதுவும் குதிக்குது. வர்றவங்க எல்லாம் அண்ணன் கடைக்குப் போறாங்க. இப்படியே போனா அடுத்த மாசம் கடையை மூடிடலாம்னு சொல்லிட்டாரு. அவர் ஒண்ணு சொன்னா சொன்னதுதான்."

நாங்கள் எழுதுவதை யாரும் முழுசாகப் படிப்பதில்லை என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். அதை நம்பி ஒரு அடுப்பு எரிகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நாற்காலி காலியானதும் நானே போய் உட்கார்ந்தேன். நுனியைக் கொஞ்சம் வெட்டச் சொல்லிவிட்டு எங்கள் பக்கத்தைப் படித்தேன். என் தலையும் போய்ப் போய் வந்தது. பிறகு மெத்தை வந்தது. மிச்சமிருந்த பாதிக் கண்ணாடியில் பார்த்தால், ஒரு பக்கத்து முடி தோளில் இருந்தது, இன்னொரு பக்கத்து முடி காதோடு நின்றுவிட்டது.

"மன்னிச்சிடுங்க," என்றார் மௌனம். நான் அவர் வாயிலிருந்து கேட்ட முதல் வார்த்தை. "சமமா வெட்டிடவா?"

"வேண்டாம். இப்படியே இருக்கட்டும்."

அந்தக் கோலத்தோடுதான் அலுவலகம் போனேன். வடிவமைப்பாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்கட்டும் என்று விட்டேன். பிறகு மேசை விரிப்பை அவர் கழுத்தில் கட்டி, தலையைத் திருப்பாமல் படியுங்கள் பார்ப்போம் என்றேன். இரண்டு வரிகூடத் தாண்டவில்லை. நல்ல மனிதர், சாக்குச் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் எழுத்து பெரிதாகி, பக்கம் ஒடுங்கி நடுவுக்கு வந்துவிட்டது.

"மெத்தை?" என்று கேட்டேன்.

"மெத்தை போனா நாமளும் வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டியதுதான்," என்றார் ஆசிரியர்.

மௌனத்துக்கு உள்ளதை எழுதினேன். அகலம் சரியாகிவிட்டது, மெத்தை எங்கள் கையில் இல்லை. உடனே பதில் வந்தது: "மெத்தைக்காரர் எங்க முடி வெட்டிக்கிறாரு?"

ஆசிரியருக்கு அது தெரிந்திருந்தது. மௌனத்தின் மச்சான் கடையில். அதையும் எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. கடையை மூடிவிட்டாரோ என்று காலையில் வசவுகளுக்கு நடுவே அவர் கடிதத்தைத் தேடினேன். பல நாள் கழித்து ஒரு வரி வந்தது: "ஞாயித்துக்கிழமை காலைல வாங்க."

போனேன். நாற்காலியில் சட்டையே திணறும் உடம்போடு மெத்தைக்காரர் உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்று மச்சான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம நாற்காலி மக்கர் பண்ணுதுங்க. மாப்பிள்ளை கை பூ மாதிரி. நீங்க சும்மா உக்காந்து செய்தி படிங்க."

மௌனத்தின் மனைவி என் காதருகே வந்தாள். "இவரு ரெண்டு தடவை பாதி ரோடு வரைக்கும் போய்த் திரும்பி வந்துட்டாருங்க. மூணாவது தடவைதான் உள்ள போனாரு. 'மச்சான், ஒரு உதவி'ன்னு கேட்டாராம். அண்ணன் அதுக்கப்புறம் என்ன ஏதுன்னுகூடக் கேக்கலையாம்."

மௌனம் நுரையைக் குழைத்து மெத்தைக்காரர் முகத்தில் பூச ஆரம்பித்தார். கத்தியை எடுக்கவில்லை, அது பெட்டியிலேயே இருந்தது. மெத்தைக்காரர் சுவாரசியமாகப் படித்துக்கொண்டிருந்தார். 'டொய்ங்'. அவர் துள்ளிய துள்ளலில் பிரஷ் மூக்குக்குள் போய்விட்டது. தும்மினார், இருமினார், துணிக்குள்ளிருந்து கையை உருவி முகத்தைத் துடைத்தார்.

"எந்த மடையன் இதை இங்க போட்டான்?" என்றவர் திரையை உற்றுப் பார்த்தார். "இது நம்ம மெத்தையா?"

"ஆமாங்க," என்றார் மௌனம்.

"இப்பக் கையில கத்தி இருந்திருந்தா?"

மௌனம் பெட்டியில் கிடந்த கத்தியைக் கண்ணால் காட்டினார். வாயாடி மச்சானும் வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் அன்றைய அதிசயம். மெத்தைக்காரர் கொஞ்ச நேரம் தன் மெத்தையையே பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார், நான் யார் என்று தெரியாமலே: "மெத்தைன்னா சும்மா கிடக்கணும் இல்லம்மா? எதுக்குக் குதிக்குது?"

மறுநாள் அவரே ஆசிரியரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இப்போது பக்கத்தின் அடியில், கடைசி வரிக்குக் கீழே, ஒரு மெத்தை அசையாமல் கிடக்கிறது. காசு அதே காசுதான்.

சரிசெய்த பிறகு வசவுக் கடிதங்கள் நின்றுவிட்டன. நன்றி சொல்ல யாரும் எழுதமாட்டார்கள், அது இந்த வேலையின் ராசி. எழுதியது ஒரே ஒருவர்: "தலை ஆடல. காது எல்லாம் பத்திரம். நன்றிங்க." அதை என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். நன்றி உண்மையில் நான்தான் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் எந்தக் கடிதத்தையும் மிரட்டல் என்று ஒதுக்குவதற்கு முன், எழுதியவர் கையில் என்ன வேலை இருந்திருக்கும் என்று கொஞ்சம் யோசிக்கிறேன். அது அவர் கொடுத்தது.

குட்டைப் பக்கத்து முடி கொஞ்சம் வளர்ந்ததும், சமமாக வெட்டிக்கொள்ள மறுபடி அவரிடம்தான் போனேன். நாற்காலியில் மச்சான் இருந்தார், கழுத்துவரை துணியோடு, தலை அசையாமல், எங்கள் பக்கத்தைப் படித்துக்கொண்டு. அவரும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். மௌனம் கத்தரிக்கோலை எடுத்தார், சீப்பை மச்சான் தலையில் வைத்தார், ஒரு நிமிடம் அப்படியே நின்றார். ஊரில் உள்ள எல்லா முடிதிருத்துபவர்களும் கேட்கிற, அவர் மட்டும் யாரையும் கேட்டிராத கேள்வி அவர் வாயில் வந்தது.

"அப்புறம், மச்சான்? என்ன சேதி?"

துண்டு மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். மச்சான் எவ்வளவோ பேசுகிறவர், அன்றைக்கு என்னவோ பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.