பன்னிரண்டாவது பெயர்

கலுகொல்லைத் தோட்டத்துக் கிரிக்கெட் டீமுக்குப் பதினேழு வருஷம் கேப்டனாக இருந்த சுந்தரலிங்கம் ஒரு கொள்கை வைத்திருந்தார். டீமில் யாரையாவது உட்கார வைக்க வேண்டுமென்றால் சின்னவனைத்தான் உட்கார வைக்க வேண்டும். வயசானவனை உட்கார வைத்தால் கோபித்துக்கொண்டு சாராயக் கடைக்குப் போவான், சின்னவன் நாளைக்குக் கிடைக்கும் என்று காத்துக் கிடப்பான். கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் இருந்தது. காத்துக் கிடப்பவனுக்கு என்ன ஆகும் என்று அவரும் யோசிக்கவில்லை, கேட்டவர்களும் யோசிக்கவில்லை.

இந்தக் கொள்கை அவருக்கு வந்த விதம் ஒரு கதை. தோட்டம் கம்பெனிக் கைக்கு மாறிய மறுவருஷம், தொண்ணூற்று மூன்றில், அவர் தன் மனைவி இராஜத்தின் அண்ணன் சின்னத்தம்பியை உட்கார வைத்தார். சின்னத்தம்பிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஒரு காலத்தில் தெரணியகலை மைதானத்தில் அவர் மட்டையைத் தூக்கினால் பந்து பீல்டர்களின் தலைக்கு மேலேதான் போகும். இப்போது ஒரு ஓட்டம் ஓடிவிட்டு இரண்டு நிமிஷம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சுந்தரலிங்கம் லிஸ்ட்டில் அவர் பெயரைப் பன்னிரண்டாவதாக எழுதினார். பன்னிரண்டாவது ஆள் வேறு யாராவது விழுந்தால் உள்ளே போய்ப் பந்து பொறுக்கலாம், அவ்வளவுதான். மட்டையைத் தொடக்கூடாது.

அந்த மாசமே மகள் ஷாமிளா பெரியபிள்ளையானாள். தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும், முதல் சீர் கொண்டு வர வேண்டும். சின்னத்தம்பி வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "பன்னண்டாவதா ஒக்கார வெச்ச ஆளுகிட்ட மொத சீர் கேக்குறாரா? வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிள்ளை ஓலைக் குடிசை இல்லாமல் லயத்து வரிசை வீட்டுக் காம்பராவின் மூலையில் சேலைத் திரைக்குப் பின்னால் ஏழு நாள் உட்கார்ந்திருந்தாள். லயம் முழுக்க அதே பேச்சு. இராஜம் சோறு இறங்காமல் கிடந்தாள்.

எட்டாம் நாள் சுந்தரலிங்கம் வெற்றிலைத் தட்டோடு மச்சானைத் தேடிப் போனார். இரண்டு பேருமாக மாரியம்மன் கோயிலுக்கு நடந்தார்கள். அங்கே அவர் சூடம் கொளுத்தி, அதைக் கையால் அணைத்து, "நீங்களா விலகுற வரைக்கும் ஒங்க எடம் ஒங்களுக்குத்தான் மச்சான்" என்று சத்தியம் பண்ணினார். சின்னத்தம்பி அழுதுவிட்டார். குடிசை கட்டினார், சீரும் வந்தது, சடங்கு குறையில்லாமல் நடந்தது.

மறுவருஷம் மகன் உதயராஜுக்குப் பதினேழு வயது. பையன் மட்டை பிடிப்பதைப் பார்க்க ரப்பர் ஸ்டோரில் ஷீட் உருட்டுகிற ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். கீழ் லயத்து வாசலில் நின்று அவன் அடித்த பந்து ஒன்று ஸ்டோர்க் கூரைத் தகரத்தில் விழுந்து, உள்ளேயிருந்த உதவி மானேஜர் சின்னதுரை குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். டீமில் அவனுக்கு இடம் வேண்டும். ஒன்பது பேர் நல்ல ஆட்டக்காரர்கள், தொட முடியாது. பத்தாவது, சூடம் அணைத்துக் கொடுத்த இடம். பதினொன்றாவது ஆள் கேப்டன்.

ஆக உதயராஜ் பன்னிரண்டாவது பெயரானான்.

"அவன் ஏன் ஒக்காரணும்? நீங்க ஒக்காருங்களேன்" என்று இராஜம் ஒருநாள் கேட்டாள். அவள் விளையாட்டுத் தெரிந்தவள் இல்லை. மனசில் பட்டதைக் கேட்டாள். சுந்தரலிங்கம் அப்போது மெதுவாக ஒரு சுழல் பந்து போடுவார், ஒரு ஆட்டத்துக்கு ஒரு விக்கெட் கிடைத்தால் அதிகம். "கேப்டன் ஒக்காந்துகிட்டு எப்படி டீம் நடத்துறது?" என்று எரிந்து விழுந்தார். அவள் சொன்னது அவரைச் சுட்டதால் வந்த கோபம் அது. இதை ஒப்புக்கொள்ள அவருக்குப் பல வருஷம் பிடித்தது.

பையன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கோயிலில் நடந்தது அவனுக்கும் தெரியும், தங்கச்சிக்காக அப்பா செய்தது என்று நினைத்துக்கொண்டான். மைதானத்து ஓரத்தில் பலாமரத்தடியில் ஒரு பலகை கிடந்தது. அதில் உட்கார்ந்துகொள்வான். இடையில் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவான். வேடிக்கை பார்க்கிற சிங்களப் பையன்கள் அவனுக்கு 'வத்துர மல்லி' என்று பெயர் வைத்தார்கள், தண்ணீர்த் தம்பி என்று அர்த்தம். தொண்ணூற்றைந்தில் ஒரு ஆளுக்குக் காலில் அடிபட்டு இவன் பீல்டிங்குக்குப் போனான், எல்லைக்கோட்டருகே பாய்ந்து ஒரு பிடி பிடித்தான். மைதானமே எழுந்து நின்றது. ஸ்கோர்ப் புத்தகத்தில் பிடித்தவர் பெயர் எழுதுகிற இடத்தில் 'சப்' என்று போட்டார்கள். பதிலாள் பெயரை எழுதுகிற வழக்கம் இல்லை.

தொண்ணூற்றேழில் பாறூக் வந்தார். தெரணியகலை பஜாரில் இரும்புக் கடை வைத்திருப்பவர், பஜார் டீமை நடத்துகிறவர். கேகாலையில் ஒரு பெரிய கிளப்பின் கோச்சுக்கு அவர் பழக்கம். வருஷா வருஷம் பஜார் டீமிலிருந்து இரண்டு பையன்களைக் கேகாலைக்கு எடுத்துக்கொண்டு தோல் பந்தில் பழக்கினார்கள். லிஸ்ட் கொடுக்க நாலு நாள் இருந்தது. ஒரு டீமின் லிஸ்ட்டில் பெயர் ஏறிவிட்டால், அது பன்னிரண்டாவது பெயராக இருந்தாலும் சரி, அந்த வருஷம் அவனை வேறு எந்த டீமும் தொட முடியாது. அதுதான் சட்டம். அதனால்தான் பாறூக் மோட்டார் சைக்கிளை ஸ்டோர் வாசல்வரை விட்டுக்கொண்டு வந்தார்.

"லிங்கண்ணே, மகன எனக்குத் தாங்க. மூணாவதா எறக்குறேன். ஒவ்வொரு மேட்ச்சும் ஆடுவான்."

"எங்க ஆளு ஒருத்தன் விழுந்தா யாரு போறது?"

"பந்து பொறுக்க வயசாளி ஒருத்தர் போதாதா? வயசாளிக்கு இனி வளர என்ன இருக்கு? ஒக்காந்து பாத்துக்கிட்டு இருப்பாரு, தேவப்பட்டா எழும்புவாரு. பொடியன ஒக்கார வெச்சா அழுகிப் போயிருவான் லிங்கண்ணே."

உதயராஜ் புகைக்கூட்டுக்கு ஏற்றுவதற்காக ஈர ஷீட்டுகளைக் கம்பில் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். கை மட்டும் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

சுந்தரலிங்கத்துக்கு மனசுக்குள் பல கணக்கு ஓடியது. சொந்த மகனை டவுனுக்குத் தள்ளிவிட்டான் என்று லயத்தில் பேசுவார்கள். மச்சான் இடுப்பு இந்த வருஷம் தாங்காது, அடுத்த மாசமே விலகினாலும் விலகுவார், அப்போது மகன் வேறு டீமில் இருந்தால்? அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. தான் கேப்டனாக நிற்கும்போது, தன் டீமுக்காகத் தன் மகன் மட்டை பிடித்து இறங்குவதைப் பார்க்க வேண்டும். பையனுடைய வாழ்க்கையை எடுத்துத் தன் ஆசைக்கு முட்டுக் கொடுத்தார். இதற்கு வேறு பெயர் வைக்க முடியாது.

"இல்ல பாறூக். அவன் பேர் எழுதியாச்சு" என்றார். எழுதவில்லை. அன்று மாலைதான் எழுதினார்.

பாறூக் பக்கத்துத் தோட்டத்துச் சுரேந்திரனை எடுத்துக்கொண்டு போனார். உதயராஜின் ஆட்டத்தில் பாதிகூட இல்லாத பையன். ஒவ்வொரு வாரமும் ஆடினான், அடிவாங்கினான், கற்றுக்கொண்டான். இரண்டு வருஷத்தில் கேகாலைக்குப் போனான். அங்கிருந்து கொழும்பில் ஒரு கம்பெனி டீமுக்கு ஆளெடுத்தார்கள், கம்பெனியிலேயே வேலையும் கிடைத்தது. தீபாவளிக்கு வரும்போது உதயராஜைத் தேடி வந்து பழைய மாதிரியே தோளில் கைபோட்டுப் பேசுவான். அவன் போன பிறகு உதயராஜ் வெகுநேரம் தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் முகம் கழுவிக்கொண்டிருப்பான்.

மச்சான் அடுத்த மாசம் விலகவில்லை. அடுத்த வருஷமும் விலகவில்லை. இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். இரண்டாயிரத்தில்தான் ஒருநாள் காம்பராவுக்கு வந்து, "இனி ஏலாது மச்சான். பய எறங்கட்டும்" என்றார். உதயராஜுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஆறு வருஷம் பலகையில் போயிருந்தது.

முதல் மேட்ச்சுக்கு லயமே பஸ் ஏறி வந்தது. ஷாமிளா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். சின்னத்தம்பி பலாமரத்தடிப் பலகையில் உட்கார்ந்துகொண்டு, "நம்ம பய வாறான், பாருங்கடா" என்று கத்தினார். உதயராஜ் நாலாவதாக இறங்கினான். முதல் பந்து வந்தது, விட்டான். இரண்டாவது, விட்டான். மூன்றாவது அடிக்கிற பந்து, குழந்தையும் அடித்திருக்கும். அதையும் விட்டான். நாலாவது நேராக வந்து நடு ஸ்டம்பைச் சாய்த்தது. மட்டை தரையிலிருந்து எழும்பவே இல்லை.

திரும்பி வந்தவனிடம் சுந்தரலிங்கம், "ஏண்டா அடிக்கல?" என்றார்.

"நல்ல பந்தா ஒண்ணு வரட்டும்னு இருந்தேங்கப்பா" என்றான் மகன். பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது அதுதான்.

சின்னத்தம்பி பலகையில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்.

அதன்பிறகு மூன்று மேட்ச் அப்படியே போயிற்று. மறுவருஷம் லிஸ்ட் எழுதும்போது உதயராஜே, "என்னயப் பன்னண்டுல போடுங்கப்பா, எனக்கு அதுதான் பழக்கம்" என்று சொன்னான். சுந்தரலிங்கம் எழுதினார், எழுதி முடித்துக் கேப்டன் வேலையையும் விட்டார். விட்டென்ன? கொடுக்க வேண்டிய காலத்தில் கொடுக்காத இடம் அது. ஸ்டோரில் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். "கேக்கட்டும், கூப்பிட்டா போறேன்" என்று உதயராஜ் இருந்தான், அவனுக்குப் பின்னால் சேர்ந்தவன் போய் வாங்கிக்கொண்டான். பெண் பார்த்தார்கள். பதில் சொல்லாமல் இருந்தான், அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிந்தது. இராஜம் புருஷனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.

இரண்டாயிரத்தேழில் இன்னொரு புதுக் கேப்டன் வந்தான். அவன் உதயராஜை லிஸ்ட்டிலேயே எழுதவில்லை, பன்னிரண்டாவதாகக்கூட. உட்கார்ந்தே பழகியவன் உள்ளே போய் எப்படி ஓடுவான் என்று கேட்டானாம். அன்று உதயராஜ் வேலை விட்டு வந்து காம்பராவில் படுத்தான். முப்பது வயது ஆள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுகிற சத்தம் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்டது.

மறுநாள் காலையில் சுந்தரலிங்கம் முதல் பஸ்ஸில் தெரணியகலைக்குப் போனார். பாறூக்கின் கடை இப்போது மாடி வைத்திருந்தது. பாறூக்குக்குத் தாடி நரைத்திருந்தது. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார்.

"மகன ஒங்க டீம்ல எடுத்துக்குங்க பாறூக். அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன். பேர் எழுதல."

"தெரியும் லிங்கண்ணே" என்றார் பாறூக். "அவன் ஷீட் தொங்கப் போட்டுக்கிட்டு நின்ன நிலையிலேயே தெரிஞ்சிச்சி. பேர் எழுதியிருந்தா அவன் கை ஏன் நிக்கணும்?"

மேசை இழுப்பறையைத் திறந்தார். லிஸ்ட்டை எடுத்து விரித்தார். பதினொரு பெயர் எழுதியிருந்தது, எல்லாம் இருபதுக்குள்ளே இருக்கிற பையன்கள்.

"பொடியன்மார் எல்லாரையும் நான் ஆட விட்டிருக்கேன். ஒக்கார ஒரு வயசாளிதான் வேணும். மனசு நோகாம ஒக்காந்திருக்கணும், தண்ணி கொண்டு போவணும். ஒங்க மகனுக்கு ஓகேன்னா எழுதுறேன்."

சுந்தரலிங்கம் தலையை ஆட்டினார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாறூக் பன்னிரண்டாவது இடத்தில் உதயராஜ் என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்து அவரால் சட்டென்று சொல்ல முடியவில்லை. வாசற்படியில் நின்றார். உதயராஜ் எழுந்து உட்கார்ந்தான்.

"பஜார் டீம்ல ஒன் பேர் போட்டாச்சுப்பா."

"எத்தனாவதுங்கப்பா?"

அவர் சொன்னார்.

உதயராஜின் முகம் மலர்ந்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் அவன் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. "நல்லதாப் போச்சு. இப்ப அங்க பொடியன்மாரெல்லாம் என்னய வத்துர அய்யான்னுதான் கூப்பிடுவாங்க" என்றான். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். தம்பியாக இருந்தவன் அண்ணனாகிவிட்டான், அவ்வளவுதான். எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய தண்ணீர்க் கேனை இழுத்தான், பீலிக்கரைக்குக் கொண்டுபோனான்.

இராஜம் அடுப்பங்கரையிலிருந்து வந்து புருஷனைப் பார்த்தாள். வருஷக்கணக்காகப் பார்க்காத முகத்தை நேராகப் பார்த்தாள். திட்டவில்லை. சுந்தரலிங்கம் அவள் திட்ட வேண்டும் என்று நின்றுகொண்டே இருந்தார். வெளியே மகன் மணல் போட்டுக் கேனைத் தேய்க்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது.