தேயிலைச் சக்கையில் ஒரு மலை

நாலாம் வகுப்பில் எங்கள் ஆசிரியை, ஆளுக்கொரு ஊரைச் செய்துகொண்டு வாருங்கள் என்றார். அம்மா அப்பாவின் ஊர். அட்டையிலே செய்து, அதன் நிலம் எப்படி, வரலாறு என்ன என்று வகுப்பின் முன்னால் நின்று சொல்லவேண்டும். கனடாவில் நாங்கள் இருந்த செயின்ட்-மிஷேல் பல நாட்டாரும் குடியேறிய பகுதி; அங்கே அப்படிக் கேட்டால் பாதி உலகம் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும். மற்றப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்குத்தான் பயம் பிடித்தது. எங்கள் வீட்டில் ஊர்க்கதையே கிடையாது. அப்பாவிடம் எப்போது கேட்டாலும் "பேந்து சொல்லுறன்" என்பார்; அந்தப் பிறகு வந்ததே இல்லை. அம்மாவும் அதே ஊர்தான். அவரிடம் கேட்டால் அப்பாவின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவார். வகுப்பில் ஊர் இல்லாத ஒரே ஆளாக நான் நிற்கப்போகிறேன் என்று இரண்டு நாளாக அதே நினைப்பு.

எங்கள் பகுதியின் நடுவில் கல் வெட்டியெடுத்த பெரிய குழி, பழைய கல்லுக்கிடங்கு ஒன்று இருக்கிறது. விண்டரில் நகரசபை வழிக்கிற பனியெல்லாம் அதற்குள்தான் விழும். அப்பா துறைமுகப் பக்கத்துக் களஞ்சியமொன்றில் பெட்டி இறக்குகிறவர். சனிக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு நடக்கப்போனால் அந்தக் கிடங்கின் கம்பிவேலியில் கொஞ்சநேரம் நிற்பார். அங்கே வைத்துத்தான் என் கவலையைச் சொன்னேன். அவர் கிடங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச கல்லை எடுத்துப்போட்டுக் குழியை விட்டிட்டாங்கள். அங்க குழியை மூடிப்போட்டு மலையை விட்டவங்கள்," என்றார்.

அங்கே என்றால் எங்கே என்று கேட்டேன். ஜேர்மனியில் தான் இருந்த ஊர் என்றார். கனடாவுக்கு வருமுன் அப்பா அந்த நாட்டில் இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். அங்கே அவருக்கு ஒரு ஊரும் இருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது.

அதற்குப் பிறகு மனிதர் நிறுத்தவில்லை. இரண்டு குன்றுகளுக்கு நடுவில் ஒடுங்கின பள்ளத்தாக்கு, அதில் ஒரு சிற்றாறு, ஆற்றோடு ஒரே வரிசையில் கறுத்தக் கல் ஓடுகள் வேய்ந்த வீடுகள். விண்டரில் மத்தியானம் சாய முன்னமே சூரியன் குன்றுக்குப் பின்னால் போய்விடுமாம். முதலில் கிறிஸ்தவ மடத்துச் சாமிமார் வெள்ளி தேடித் தோண்டினார்களாம். வெள்ளி கொஞ்சம், ஈயம்தான் கனக்க. ஆழம் போகப்போகத் தண்ணீர் ஏறியது. வெளிநாட்டு ஈயம் மலிவாக வந்தபிறகு சுரங்கத்தை மூடினார்கள். கழிவு மட்டும் கரிய மலையாக ஊர்த்தலையில் கிடந்தது. அதில் புல்லும் முளைக்காது. சுரங்கக்காரருக்குக் காவலுக்கு மாதாவைப்போல ஒரு பெண் தெய்வம் உண்டு என்றும், சுரங்கம் மூடின பிறகும் அவளுக்குத் திருவிழா நடந்தது என்றும் சொன்னார். இளந்தாரிச் சுரங்கக்காரர் தங்கிய நீள வீடு சும்மா கிடந்தது. அதிலேதான் அகதியாகப் போன அப்பாவையும் மற்றத் தமிழ்ப் பெடியளையும் கொண்டுபோய் இருத்தினார்கள். வேலை செய்ய விடவில்லை. ஊரின் கதையை அங்கங்கே பலகைகளில் எழுதி நட்டிருந்தார்களாம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட அப்பா, கூட்டாளியின் அகராதியும் கையுமாக ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் நின்று வாசித்து முடித்திருக்கிறார்.

"குன்றேற வந்து வழி தவறின வெள்ளைக்காரருக்கு நான்தான் வழிகாட்டி," என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

இரண்டு வார இறுதிகளில் அந்த ஊர் எங்கள் அட்டையில் எழும்பியது. தீப்பெட்டிகள் வீடுகள். கிழிந்த குடைத்துணி கூரைகள். ஈரக் கடதாசியில் குன்றுகள். கரிய மலைக்கு என்ன செய்வதென்று யோசித்த அப்பா, தேயிலைச் சக்கையைச் சேர்த்துக் காயவைத்துப் பசையில் அப்பினார். வீடெல்லாம் தேத்தண்ணி மணத்தது.

அம்மாவுக்கு வார இறுதியில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. ஊர் முடிந்த ஞாயிறு பின்னேரம் வந்தவர், கோட்டைக் கழற்றாமலே மேசையைப் பார்த்தார்.

"இதென்ன மலை? எங்கட பக்கத்தில எங்கயப்பா மலை கண்டனீங்கள்?"

அப்பா சொன்னார், இது ஜேர்மனியில் தான் இருந்த ஊர் என்று. பிள்ளைக்கு எங்கட ஊரைச் சொல்லித் தராமல் யாரோ வெள்ளைக்காரரின் ஊரைச் சொல்லியிருக்கிறீங்களே என்றார் அம்மா.

"எங்கட ஊருக்குள்ள ஆமி முகாம் போட்டிருக்கு. வீடு நிக்குதோ எண்டும் தெரியாது. என்னத்தைச் செய்து காட்டுறது?" அப்பா பசைக்கையைத் துடைத்தார். "இது அப்பிடியே நிக்கும்."

அம்மா கதிரையை இழுத்துப்போட்டு அதில் இருந்தார். பிறகு, நீங்கள் இருந்தது எந்த வீடு என்று கேட்டார். மலையடியில் நீளமாக ஒட்டியிருந்த தீப்பெட்டிகளில் ஒரு யன்னலை அப்பா விரலால் தொட்டார்.

"கலியாணம் பேசின நாளிலயிருந்து இந்த ஊருக்கு எத்தினை கடிதம் போட்டிருப்பன்," என்றார் அம்மா. "பெரிய பட்டினமெண்டெல்லோ நினைச்சிருந்தன்." குனிந்து அந்த யன்னலை உற்றுப் பார்த்தார். இருட்டாக் கிடக்கு என்று சொல்லி எழும்பிப்போய், விரல்நுனியில் மஞ்சள்தூளைக் குழைத்துவந்து யன்னலில் ஒரு பொட்டு வைத்தார். அந்த ஒரு அறையில் மட்டும் விளக்கு எரிந்தது.

வகுப்பில் நான் வெளுத்து வாங்கினேன். வெள்ளி, ஈயம், தண்ணீர், பெண் தெய்வம் எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் தடங்கலில்லாமல் வந்தன. கடைசியில் ஹெயிட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி எழும்பி, அட்டையின் ஓரத்தைக் காட்டினாள். ஆற்றுப்பாலத்தில் ஏறுகிற வீதி அந்தப் பக்கம் எங்கே போகிறது என்று கேட்டாள். அதுவரை நான் கவனிக்கவில்லை. பாலத்தின் நடுவோடு எங்கள் அட்டை முடிந்திருந்தது. ஆசிரியை கைதட்டச் சொல்லி என்னைக் காப்பாற்றினார்.

பின்னேரம் அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அதைக் கேட்டேன்.

"தெரியாது தம்பி. அங்கால போக விடேல்லை," என்றார்.

தஞ்சம் கேட்ட வழக்கு முடியும்வரை அகதிகள் தங்கள் வட்டாரத்து எல்லையைத் தாண்டக்கூடாது என்று அங்கே சட்டம் இருந்ததும், அந்தப் பாலம்தான் அப்பாவின் எல்லை என்பதும், ஒரு மனிதர் ஒரு சின்ன ஊரைக் கல் கல்லாக அறிந்துவைத்திருந்ததன் காரணமும் நான் பல்கலைக்கழகம் போன பிறகு விளங்கியவை. அன்றைக்கு எனக்குப் பட்டது வேறு. என்னையும்தான் அம்மா எங்கள் வீட்டுப் பக்கத்து ஜாரி வீதிக்கு அங்கால தனிய விடுவதில்லை. அப்பாவின் கவலை எனக்கு நன்றாகவே விளங்கிவிட்டது.

"வளந்தாப் பிறகு விடுவினம் அப்பா," என்று ஆறுதல் சொன்னேன்.

அப்பா என்னைப் பார்த்தார். கழற்றின சப்பாத்தைத் திரும்பப் போட்டார். என் ஜக்கெற்றை எடுத்துத் தந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஜாரி வீதியைக் கடந்தார். ஏதோ வாங்கப் போகிறோம் என்று நினைத்தேன். தெப்பனர் என்கிற தெருமுனைப் பெட்டிக்கடையைத் தாண்டினோம், பேருந்துத் தரிப்பைத் தாண்டினோம், நான் அறியாத தெருக்களையும் தாண்டினோம். கால் நோகிறது என்று நான் சொல்லும்வரை நடந்துவிட்டுத் திரும்பினோம். இவ்வளவு தூரம் கூட்டிப்போய் ஒரு சொக்கலேட்டுக்கூட வாங்கித் தரவில்லையே என்று நான் அம்மாவிடம் முறையிட்டேன்.