கரீம் பாயும் பொட்டு வைத்த பேட்டும்

மூத்த பேரன் கொண்டாப்பூர் ஆபீசில் மேனேஜர் ஆகிவிட்டான். இரண்டாவது பேத்திக்கு மெடிக்கல் சீட் கிடைத்தது. கடைக்குட்டி நிவேதா டேபிள் டென்னிஸில் மாவட்ட அணிக்குத் தேர்வாகிவிட்டாள். இதையெல்லாம் நம் ராமச்சந்திராபுரம் கம்பெனி கிளப் குழுவில் பெருமையாக எழுதி அனுப்பினேன். அதற்குக் கீழேயே கரீம் பாயின் மகன் எழுதியிருந்தான்: அப்பா காலையில் இறந்துபோய்விட்டார். நம் விளையாட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொண்ட கரீம் பாய்.

அவரை எனக்குத் தெரிந்தது என் தவற்றால்தான். மூன்று வருடத்துக்கு முன் ஆயுதபூஜை அன்று தையல் மெஷின், கிரைண்டர், அரிவாள்மணையோடு நிவேதாவின் பேட்டையும் சாமி முன் வைத்து, சிவப்பு ரப்பர் நடுவில் சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டேன்.

"அய்யோ பாட்டி! நாளைக்கு செலக்‌ஷன் மேட்ச்!"

பாத்திரம் தேய்க்கும் சோப்பை எடுத்தேன். அவள் பேட்டைப் பிடுங்கிக்கொண்டு கிளப்புக்கு ஓடினாள். பின்னாலேயே நானும் போனேன்.

கரீம் பாய் பேட்டைப் பார்த்துச் சிரித்தார். "க்யா அம்மா, பேட்டுக்குக் கல்யாணமா? சோப்பு நக்கோ, வேணாம். ரப்பரைத் தின்னுடும்."

ஸ்பாஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்தார். கைப்பிடிப் பக்கமிருந்து விளிம்பு வரை ஒரே திசையில் துடைத்தார். ஒவ்வொரு முறையும் ஸ்பாஞ்சை அலசினார். ஐந்தாம் வகுப்போடு எனக்குப் படிப்பு நின்றது, கேள்வி நிற்கவில்லை.

"கைக்கு பாய், ஏன் ஒரே பக்கமா?"

"முன்னே பின்னே தேய்ச்சா அழுக்கு அங்கேயே சுத்தும் அம்மா. வெளியே தள்ளணும்."

"வெயில்ல காய வைக்கட்டுமா?"

"நக்கோ! சீக்கிரம் கிழவனாயிடும், என்னை மாதிரி."

நிழலில் காய்ந்ததும் பந்தை ரப்பர்மேல் அழுத்தி இழுத்தார். மற்ற இடமெல்லாம் பிடித்துக்கொண்ட பந்து, பொட்டு இருந்த இடத்தில் வழுக்கியது. நன்றாக இருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள் என்று காதோடு கெஞ்சினேன்.

"நான் பொய் சொன்னா நாளைக்குப் பந்து சொல்லிடும் அம்மா," என்றவர் அவளைக் கூப்பிட்டு, "பேட்டி, மகளே, நடுவுல வழுக்குது. கறுப்பு சைடுல அதிகமா ஆடு," என்றார்.

மறுநாள் அவள் மூன்றாம் சுற்றில் தோற்றாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்போனில் இருந்த மேட்ச் வீடியோவை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன். "என் பொட்டாலயா பாய்?"

முழுவதும் பார்த்தார். "ஹவ், ஆமா, ரெண்டு பாயிண்ட் பொட்டால போச்சு. மீதி எல்லாம் கால் அசையாததால போச்சு. அவகிட்டயும் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் எழுந்து ஓடப் போனாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: பேரப்பிள்ளைகளைப் பற்றி ஊருக்கெல்லாம் பெருமை பேசுகிற நான், அவர்கள் முகத்துக்கு நேரே உள்ளதைச் சொல்கிறேன்.

குழுவில் போட்டிருப்பது அவருடைய கம்பெனி அடையாள அட்டைப் படம். அதில் வாயை இறுக்கிக்கொண்டு யாரோ மாதிரி இருக்கிறார். அவர் சிரிக்கிற படம் யாரிடமாவது இருக்கும். தயவுசெய்து அதைப் போடுங்கள்.