மிளகு உருளாத தரை

என் மனைவி விழுந்தது ஈரத்தில் அல்ல, மிளகில். தை மாதம், வாசலில் பனிமூட்டம் விலகவே இல்லை. எங்கள் மலையில், அரியூர் நாட்டில் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். பறித்த மிளகுக் கொத்துகளைக் கூடத்திலேயே கொட்டி, காலால் மிதித்து உதிர்த்தோம். என்னதான் கூட்டி அள்ளினாலும் சில மணிகள் சுவரோரம் ஒளிந்துகொள்ளும். எங்கள் தரையோ சிமென்ட் பால் பூசி, முகம் தெரிய மினுக்கியது. உலைக்கு அரிசி எடுக்கப் போனவள் ஒளிந்திருந்த மணியொன்றின் மேல் கால் வைத்தாள். தொடையெலும்பு முறிந்தது.

சேலத்தில் தகடு வைத்தார்கள். அங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் தடி ஊன்றி நடந்தாள். ஜன்னல் வரை போய், கீழே ஓடும் பஸ்களைப் பார்த்துவிட்டு, ஏதோ ஊர் சுற்றி வந்தவள் போல முகம் மலரத் திரும்புவாள். மலையேறி வீடு வந்தோம். கட்டிலில் உட்கார்ந்தாள். எழவில்லை. நடக்காமல் இருந்தால் கால் இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவளுக்கும் தெரியும். பாதத்தைத் தரையில் வைப்பாள், சூடு பட்டதுபோல் எடுத்துக்கொள்வாள்.

"அங்க நல்லாத்தான நடந்த?"

"அது வேற தரைங்க."

அவள் பயத்தை நான் காலில் தேடிக்கொண்டிருந்தேன். அது தரையில் இருந்தது.

அடுத்த முறை மருந்து வாங்கப் போனபோது, அந்த வராந்தாவில் குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். சில்லென்று இல்லை. அழுத்தினால் கொஞ்சம் இணங்கியது. துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் நின்றார்.

"என்னங்க, சாவியத் தொலச்சுட்டீங்களா?"

"இது என்ன தரைங்க?"

"வினைலுங்க, ரப்பராட்டம் ஒரு விரிப்பு. ஒட்டுனது. நானும் கல்லுன்னுதான் நெனச்சேன்."

கடைத்தெருவில் விசாரித்து வினைலில் மூன்று மாதிரித் துண்டுகள் வாங்கி வந்தேன். ஒன்று பளிங்குபோல் பளபளத்தது, ஒன்றில் மரத்தின் ரேகை, ஒன்று வெறும் மண் நிறம், மேலே மெல்லிய சொரசொரப்பு. நான் வந்து சேர்வதற்குள் மச்சான், அவளுடைய அண்ணன், அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து தன் வீட்டு டைல்ஸ் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அந்த வருடங்களில் மலையிலும் அடிவாரத்திலும் யார் வீடு கட்டினாலும் அந்த வழுவழுப்புதான்.

"எங்கூட்டுக்குப் போட்டதையே அம்மிணிக்கும் போட்டர்லாம் மாப்ள. லாரியில நானே ஏத்தியுடறேன். கண்ணாடியாட்டம் இருக்கும்."

"கண்ணாடியாட்டம் இருந்ததுலதானுங்க மச்சான் விழுந்தா."

அவர் கோபப்படவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து நான்கின் மீதும் ஊற்றி, தன் பெருவிரலால் தேய்த்துக் காட்டினார். "பாரு கண்ணு, எதுவும் வழுக்கல."

"நான் தண்ணியில விழலீங்ணா. மிளகு கொண்டாங்க."

ஒரு பிடி கொண்டுவந்தேன். துண்டுகளைத் துடைத்துக் கட்டிலோரம் வைத்து மணிகளைத் தூவினோம். உட்கார்ந்தபடியே நல்ல காலை வைத்து அழுத்தினாள். அண்ணனின் டைல்ஸில் மணிகள் தெறித்து ஓடின. பளிங்கு மாதிரியிலும் பாதம் நழுவியது. மரரேகை பரவாயில்லை. மண் நிறத்தில் மணிகள் பாதத்துக்குக் கீழே லேசாக அமிழ்ந்து அங்கேயே நின்றன. பிறகு, நாங்கள் கேட்காமலே, ஒடிந்த காலை மெதுவாக இறக்கி அதன்மேல் வைத்தாள். எடுக்கவில்லை.

"இது."

மச்சான் சிரித்தார். "ஊர்ல அவனவன் மண்ணுத் தரையத் தோண்டிப்போட்டு டைல்ஸ் ஒட்டறான். எந்தங்கச்சி காசு குடுத்து மண்ணுத் தரைய வாங்கறா."

"நீங்க வந்தா வேணும்னா செருப்போட நடங்க."

ஒட்ட வந்தவர் உடனே ஒட்டவில்லை. பழைய தரையில் ஒரு பாலிதீன் தாளை ஓரம் அடைத்து ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் பிரித்தால் அடியில் முத்து முத்தாக நீர்.

"தரை வேர்க்குதுங்க. இப்ப ஒட்டுனா மழைக்கு அப்பளமாட்ட எந்திரிச்சிரும். வெயில் புடிக்கட்டும்."

அது எனக்குக் கொடுமையான காத்திருப்பு. கால் இறுகிக்கொண்டிருந்தது. டைல்ஸ் என்றால் நாளைக்கே பதித்துவிடலாமே என்று மச்சான் ஆள் அனுப்பிக் கேட்டார். எனக்கே மனம் சாய்ந்தது. அவள்தான் அசையவில்லை. கட்டிலிலேயே காலை நீட்டி மடக்கி, வலியில் உதடு கடித்து, ஜன்னலில் வெயில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். விவசாயி மழையைப் பார்ப்பது போல.

பங்குனியில் தாள் அடியில் நீர் இல்லை. ஒட்டினார்கள்.

ஒட்டிய மறுநாளே நடப்பாள் என்று நினைத்தேன். நடக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. ஒரு காலை, வாசலில் காய்ந்த மிளகைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, உப்ப எங்க வெச்சீங்க?"

"மேல் தட்டுல, புளிக்குப் பின்னால."

சொன்ன பிறகுதான் உறைத்தது, குரல் கட்டிலிலிருந்து வரவில்லை. உள்ளே போனேன். அடுப்பு மேடையை ஒரு கையால் பிடித்தபடி நின்றிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"ஒரு சாமானாவது இருந்த எடத்துல இருக்குதா?" என்றாள். "ஊடா இது?"

நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவள் அடுக்கினாள்.