அப்பா நீட்டிய கப்பு

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டில் அரிசிக்குக் குறை வந்த நாள் உண்டு. கப்புக்குக் குறை வந்ததே இல்லை. அப்பாவுக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை. சூளையிலிருந்து இறங்கும் கப்புகளை எரியும் பல்புக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துத் தரம் பிரிப்பார். காது உடைந்தவையும் ஓரம் கோணியவையும் எங்கள் அலமாரிக்கு வந்துவிடும். வீட்டுக்கு யார் வந்தாலும், ஒரு கப்பை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே விரலை விட்டு, வெளியே தெரியும் விரல் நிழலைக் காட்டுவார். அதற்குள் வந்தவருடைய டீ ஆறிப்போகும்.

அக்கா அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். இருட்டினால் தானாக எரியும் தெருவிளக்கு ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். வெளிச்சத்தை உணரும் சென்சார், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே. சென்சார் மேல் இருட்டு விழுந்ததும் ரிலே ‘டிக்’கென்று தட்டி பல்பை எரியவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு வரும் கம்பெனிக்காரர்கள், நன்றாகச் செய்து காட்டும் பிள்ளைகளை வேலைக்கு எடுப்பார்களாம். அதே ஞாயிற்றுக்கிழமைதான் அக்காவைப் பெண் பார்க்க வருவதாகவும் இருந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. அந்த இடத்தை விடவும் அப்பாவுக்கு மனசில்லை, அக்கா அழுவதைப் பார்க்கவும் மனசில்லை.

“சனிக்கெழமைக்குள்ள அது எரிஞ்சிதுன்னா நீ கடலூருக்குப் போ. எரியலன்னா வூட்டுல இரு, அவங்க வந்து பாத்துட்டுப் போவட்டும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சர்க்யூட்டை முடித்ததும் சென்சாரை எதைக்கொண்டு மூடுவது என்று அக்கா தேடினாள். பட்டப்பகலில் காட்ட வேண்டிய விஷயம், இருட்டுக்கு எங்கே போவது? அப்பாதான் அலமாரியிலிருந்து காதில்லாத ஒரு வெள்ளைக் கப்பை எடுத்து நீட்டினார்.

“இதக் கவுத்து மூடு. பாக்கவும் அழகா இருக்கும்.”

மூடினாள். ரிலே வாயைத் திறக்கவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஈயப்பற்றின் வாசனைதான். ரிலேவில் கோளாறு என்று மங்கலம்பேட்டை ரேடியோ கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரர் நேராக பேட்டரியில் வைத்தார். அது ‘டிக், டிக்’கென்று சமத்தாகத் தட்டியது. டிரான்சிஸ்டரை மாற்றினாள். புது பேட்டரி போட்டாள். ஒயரையெல்லாம் பிரித்து மறுபடி பற்றவைத்தாள். ரிலேவில் காதை வைத்துக் கேட்பது என் உத்தியோகம். அக்கா கப்பைக் கவிழ்ப்பாள், நான் உதட்டைப் பிதுக்குவேன். அவளுக்கு என்மேல் வரும் கோபத்தைப் பார்த்தால் நானே வாயால் ஒரு ‘டிக்’ போட்டுவிடலாமா என்றிருக்கும்.

சனிக்கிழமை மதியம் அக்கா எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். அம்மா பெட்டியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

அப்பா வேலை முடிந்து வந்தார். புடவையைப் பார்த்தார். அக்காவின் முதுகைப் பார்த்தார். அம்மா கொடுத்த டீயை வாங்கிக் குடிக்காமலே கீழே வைத்தார். பிறகு சர்க்யூட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கப்பை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, சென்சார் மேல் தன் உள்ளங்கையைக் குழித்து அழுத்தி மூடினார்.

டிக். பல்பு எரிந்தது.

நான் குதித்த குதியில் அப்பாவின் டீ கொட்டியது. ரிலே, டிரான்சிஸ்டர், பேட்டரி எதிலுமே கோளாறு இல்லை. கப்பு வெளிச்சத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

“மாப்ள வூட்டுக்கு நான் ஆள் அனுப்பிச் சொல்லிக்கிறேன்” என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல். “நீ காலையில மொத பஸ்ஸப் புடி.”

எனக்கு அப்பாவை நினைத்து அப்படி ஒரு பெருமை. பாலிடெக்னிக் படித்தவளும் ரேடியோ கடைக்காரரும் கண்டுபிடிக்காததை, வந்து உட்கார்ந்ததுமே கண்டுபிடித்துவிட்டாரே! தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேலையில் நாள் முழுக்கக் கப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவருக்கு, அதை அலமாரியிலிருந்து எடுக்கும்போதே என்ன தெரிந்திருக்கும் என்று யோசிக்கிற வயதில்லை எனக்கு.

அக்காவுக்கு அந்த வயது இருந்தது. அவள் குதிக்கவில்லை. பல்பைக்கூடப் பார்க்கவில்லை. கவிழ்ந்து கிடந்த கப்பை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா கொட்டிய டீயைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப.

இவ்வளவு பெரிய உதவி செய்த மனுஷனிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாமல் நிற்கிறாளே என்று, அன்றைக்கு முழுவதும் நான் அக்காவிடம் பேசவில்லை.