வடை மட்டும் எங்களுடையது

எண்பதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அக்காவுக்குப் பேராதனைக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்தது. இணுவில் முழுக்கக் கதை பரவிவிட்டது. அனுப்பத்தான் அப்பாவிடம் வழியில்லை. அரசாங்க உதவிப்பணம் கிடைத்தால் கம்பஸ், இல்லாவிட்டால் சந்தியில் நடக்கும் தட்டச்சு வகுப்பு என்று முடிவாகியிருந்தது. அக்கா விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

அப்பா அதைத் தொடவேயில்லை. "இல்லையெண்டு எழுதிக் குடுக்க நாங்கள் என்ன பிச்சைக்காரரே?" என்றார். அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

அதோடு முடியவில்லை. வருமானத்தை உறுதிப்படுத்தக் கிராம சேவகர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். ஊருக்கு அவர் விதானையார். எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க ஆள் வந்தால் குறை தெரியக்கூடாது, அவ்வளவுதான். அம்மா மாப்பிள்ளை வீட்டார் வருவதுபோல் ஓடித் திரிந்தாள். சின்னம்மா வீட்டிலிருந்து நாலு கதிரை வந்தது. அடுத்த வீட்டு வளவிலிருந்து ரேடியோ வந்தது. "ஐயோ அம்மா, எங்களிட்டை இல்லையெண்டெல்லோ காட்டவேணும்!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா காதில் வாங்காமல் வடை சுட்டாள்.

விதானையார் வந்து கதிரையில் உட்கார்ந்து, வடையைக் கடித்தபடி சுற்றிப் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறம், விதானையார்" என்று அப்பா வேறு சொல்லிவைத்தார்.

விதானையார் விண்ணப்பத்தைப் பார்த்தார். பேனையை மூடினார். அக்காவின் முகம் செத்துப்போனது. அவளைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உந்த ரேடியோவைப் போடு, செய்தி கேப்பம்."

"எனக்குப் போடத் தெரியாது. அது அடுத்த வளவு மாமாவின்ரை."

"அப்ப கதிரை?"

"சின்னம்மாவின்ரை. பொழுதுபட முந்திக் குடுக்கவேணும்."

"வடையாவது உங்கடையோ?"

"ஓம். உழுந்து மட்டும் கைமாத்து."

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்றும் நினைவிருக்கிறது. விதானையார் சிரிக்காமல் பேனையைத் திறந்து எழுதினார். அக்கா பேராதனைக்குப் போனாள்.

அவளை அனுப்பிவைத்தது என் வாய்தான் என்று பல வருடம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அதற்கு முந்தின வருடம் அம்மாவின் காணியை ஈடு வைத்தபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவரே அந்த விதானையார்தான் என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீட்டு நிலைமை அவருக்கு முன்பே தெரியும். இல்லை என்ற சொல்லை அப்பாவின் வாயால் சொல்லவைக்க மனமில்லாமல்தான் அவர் என்னைக் கேட்டிருக்கிறார்.